போர் தண்ணிக்கு டிஷ்வாஷர்ல டேப்லெட்டா பவுடரா?

கேள்வி: குடியாத்தம் பக்கம் இருக்கோம், போர் தண்ணி ஒரே உப்பு, டேப்லெட் போட்டாலும் கண்ணாடி டம்ளர்ல வெள்ளையா படியுது, இட்லி மாவு பாத்திரத்துல ஓரம் ஒட்டிக்கிட்டே நிக்குது. பவுடருக்கு மாறலாமா?

பதில்: அக்கா, முதல்ல டிஷ்வாஷர் சால்ட்டை அடியில இருக்கற டப்பால நிரப்பி, மெஷின்ல ஹார்ட்னஸ் (தண்ணியோட கடினத்தன்மை) செட்டிங்க ஏத்துங்க, அந்த சால்ட் இருந்தாதான் உள்ள இருக்கற சாஃப்ட்னர், அதாவது கடினத்தன்மையை குறைக்கற பாகம், வேலை செய்யும். சமையல் தூள் உப்பு போடவே போடாதீங்க.

பதில்: சித்தூர்ல எங்களுக்கும் இதே தண்ணிதான். பவுடர்தான் நல்லது, எண்ணெய் பிசுக்கு அதிகம்னா கூட்டிப் போடலாம், டேப்லெட்ல அது முடியாது. ரின்ஸ் எய்டும் (கடைசி அலசல்ல சேர்ற, தண்ணி கறை படியாம பாத்துக்கற திரவம்) ஊத்துங்க, அலுமினிய பாத்திரம் வைக்காதீங்க, கருத்துப்போயிடும்.

பதில்: மாவை காயறதுக்கு முன்னாடி வழிச்சுட்டு வைங்க. கையால கழுவற லிக்விட் வேணவே வேணாம், நுரை பொங்கி வெளிய வந்துடும்.