வறண்ட நாட்களில் மரச்சருகை மூடாக்காக இடுவது சரியா?

கேள்வி:
வணக்கம். எங்கள் தோட்டத்தின் ஓரத்தில் நிற்கும் தைலமரங்களிலிருந்து இலையும் பட்டையும் சுள்ளியும் ஓயாமல் உதிர்கின்றன. மழை பெய்து பல வாரங்கள் ஆகிவிட்டதால், அவற்றை எரிக்க மனமின்றி, கத்தரிப் பாத்திகளில் நான்கு விரல் கனத்துக்குப் பரப்பினேன். நாள்தோறும் மாலையில் பூவாளியால் தண்ணீரும் தெளித்து வருகிறேன். பத்து நாட்களில் செடிகள் வாடத் தொடங்கின. சருகை விலக்கிப் பார்த்தால், மேலிலைகள் நனைந்திருக்க, அடியில் மண் புழுதியாகக் கிடக்கிறது. தைல இலையின் தன்மை இதற்குக் காரணமா, அல்லது நான் இட்ட முறையில் தவறா?

பதில் 1:
முதன்மையான தவறு முறையில்தான் இருக்கிறது. மூடாக்கு மண்ணில் உள்ள ஈரத்தைக் காக்குமே தவிர, இல்லாத ஈரத்தைக் கொண்டுவராது. காய்ந்த மண்ணின்மேல் சருகைப் பரப்பிவிட்டுப் பூவாளியால் தெளித்தால், அந்த நீரைச் சருகே குடித்துவிடும். மறுநாள் வெயிலில் அது ஆவியாகிவிடும், வேருக்கு எதுவும் எட்டாது. ஆகவே சருகு முழுவதையும் ஒதுக்கிவிட்டு, ஒரு சாண் ஆழம் நனையும் வரை மெதுவாகத் தண்ணீர் பாய்ச்சி, அதன் பிறகு மீண்டும் பரப்புங்கள். 5 முதல் 8 செ.மீ. கனம் போதும், தண்டைச் சுற்றி நான்கு விரல் இடம் விடாவிட்டால் அடித்தண்டு அழுகக்கூடும். அடுத்தடுத்த பாசனத்துக்குக் குழாயின் முனையைச் சருகுக்கு அடியில் செருகுங்கள். சொட்டுநீர்க் குழாய் இருந்தால் அதையும் மூடாக்கின் கீழேயே ஓட்டுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னதை முழுவதும் ஏற்கிறேன்; ஆனாலும் தைல இலையின் தன்மையை ஒதுக்கிவிட முடியாது. அதன் எண்ணெயும் மெழுகும் மண்ணின் மேற்பரப்பில் படிந்தால், தண்ணீர் உள்ளே இறங்காமல் உருண்டோடும். புதிய சருகு சில விதைகளின் முளைப்பையும் தடுக்கும் என்பதால், நாற்றங்காலில் அதை இடவே கூடாது. சில மாதங்கள் குவித்து, அவ்வப்போது நனைத்து, நிறம் கறுத்துத் தைலமணம் போன பிறகு காய்கறிப் பாத்திக்குக் கொண்டுவாருங்கள். புதியதை நடைபாதையிலும் வளர்ந்த மரங்களின் அடியிலும் போடலாம். இலைகளை மட்டும் பரப்பினால் அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்து கூரைபோல் ஆகிவிடும். சுள்ளியையும் பட்டையையும் ஒடித்துக் கலந்தால் காற்றும் நீரும் புக இடைவெளி கிடைக்கும். இன்னொன்று: காய்ந்த சருகைக் கொத்தி மண்ணுக்குள் புதைக்காதீர்கள். அதை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், பயிர் வெளுத்துவிடும்.

பதில் 3:
தீயைப் பற்றி யாரும் குறிப்பிடவில்லை. காய்ந்த தைலச்சருகு ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும். வீட்டுச் சுவர், மரவேலி, அடுப்பு இவற்றின் அருகே அதைக் குவிக்காமல் தரையை வெறுமையாக விடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. புதிய சருகை நடைபாதைக்கு மாற்றிவிட்டு, வேலியோரம் ஓராண்டாகக் கிடந்த கறுத்த சருகைச் சுள்ளியோடு கலந்து, மண்ணை நன்றாக நனைத்த பின் இட்டேன். நான்காம் நாளான இன்று அடியில் விரலை விட்டுப் பார்த்தேன்; இரண்டாம் கணு வரை ஈரமண் ஒட்டியது. சுவரோரம் கிடந்த குவியலை நாளை அகற்றிவிடுகிறேன்.