செக்கு எண்ணெயை யாருக்கு விற்பது? யோசனை சொல்லுங்கள்

வணக்கம். காங்கேயத்தில் மரச்செக்கில் தேங்காய் எண்ணெயும், கருப்பட்டி சேர்த்த நல்லெண்ணெயும் ஆட்டுகிறோம். அடுத்து கோயம்புத்தூரில் விற்க வேண்டும், ஆனால் யாரை மனதில் வைத்து என்பதில்தான் குழப்பம். கைக்குழந்தை உள்ள வீடுகளில் ஒரு லிட்டர்தான் வாங்குவார்கள், தரம் பிடித்துவிட்டால் விலை பார்க்க மாட்டார்கள். மெஸ் நடத்துபவர்கள் 15 கிலோ டின்னாக எடுப்பார்கள், ஆனால் பாமாயில் விலையோடு ஒப்பிடுவார்கள், கடனும் கேட்பார்கள். எனக்கு வீடுகள்தான் சரி என்று படுகிறது.

அப்புறம் போட்டி. பெரிய பிராண்டுகளை விட, தெருவுக்குத் தெரு வந்துவிட்ட செக்குக் கடைகள்தான் உண்மையான போட்டி. அவர்கள் விலை, பாட்டில் அளவு, எந்த வயதுக்காரர்கள் வாங்குகிறார்கள் என்றெல்லாம் குறித்து வருகிறேன். இது போதுமா, இல்லை அங்கே வாங்குபவர்களிடமே பேச வேண்டுமா? பேசிப் பார்த்தவர்கள் என்ன கேட்டீர்கள் என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.