வாட்டில் வாய் திறந்து சொன்னபோது என்ன நடந்தது?

தாதிய உத்தியோகத்தர், மருத்துவ விடுதி:

காலபோக விதைப்பு தொடங்கிவிட்டால் எங்கள் விடுதிக்குப் பாம்புக்கடி நோயாளிகள் வருவது கூடிவிடும். ஒரு நாள் இரவு, வயலில் புடையன் கடித்த ஒருவரைக் கொண்டு வந்தார்கள். அடித்த பாம்பையும் உரப்பையில் போட்டுக் கொண்டு வந்திருந்தார்கள். வழமைபோல 20 நிமிடச் சோதனை செய்தோம். இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் ஆட்டாமல் வைத்து, பிறகு சரித்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விஷம் வேலை செய்கிறது, விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும்.

சரித்தபோது இரத்தம் ஓடியது. டொக்டர் மருந்து ஏற்றச் சொல்லிவிட்டார். அப்போது பயிற்சி முடித்துப் புதிதாக வந்த தங்கச்சி ஒருத்தி, பாதிக் குரலில், "டொக்டர், அது பிளாஸ்டிக் குழாய்" என்றாள். கண்ணாடியில் பட்டால்தான் உறைதல் சரியாகத் தூண்டப்படும். பிளாஸ்டிக்கில் நல்ல இரத்தம்கூட அந்த நேரத்துக்குள் உறையாமல் இருக்கலாம். விஷமுறிவு மருந்தோ கடுமையான ஒவ்வாமை தரக்கூடியது. தேவையில்லாத ஒருவருக்கு ஏற்றி, மூச்சுத் திணறி, இரத்த அழுத்தம் விழுந்தால் யார் பொறுப்பு?

அந்த டொக்டர் தெற்கிலிருந்து முதல் நியமனத்தில் வந்தவர், தமிழ் கொஞ்சம்தான் தெரியும். அவர் அவளைத் திரும்பிப் பார்த்தபோது நாங்கள் எல்லோரும் ஏச்சு விழப்போகிறது என்றுதான் நின்றோம். "நல்ல காலம் சொன்னீங்கள்" என்றார். புதுக் கண்ணாடிக் குழாய் எடுத்து, திரும்பவும் 20 நிமிடம் தானே பக்கத்தில் நின்றார். இரத்தம் உறைந்திருந்தது. மருந்தை நிறுத்திவைத்து, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சோதித்துக்கொண்டிருந்தோம். காலை ரவுண்டில் நிபுணரிடம், "இதைக் கவனித்தது இந்த மிஸ்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அதன் பிறகு எங்கள் வாட்டில் சிற்றூழியர்கள்கூடச் சந்தேகம் வந்தால் சொல்லத் தொடங்கினார்கள்.

முன்பு நான் வேலை செய்த ஓரிடத்தில் மருந்தின் அளவைத் திருப்பிக் கேட்ட அக்கா ஒருவருக்கு, நோயாளிகள் முன்னால் "நீ டொக்டரா?" என்று விழுந்தது. பிறகு அங்கே யாரும் எதையும் கேட்டதில்லை. பிழைகள் நிற்கவில்லை, அவை வெளியே வருவதுதான் நின்றது.

சொல்பவருக்குத் துணிவு வேண்டும் என்றுதான் பயிற்சி வகுப்புகளில் சொல்கிறார்கள். கேட்பவர் முதல் வார்த்தையாக என்ன சொல்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்பது என் எண்ணம். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். வைத்தியசாலைப் பெயர், ஆட்களின் பெயர் வேண்டாம்.

மருத்துவ உத்தியோகத்தர்:

அக்கா சொன்னதை ஆராய்ச்சியிலும் கண்டிருக்கிறார்கள். ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990களில் வைத்தியசாலை விடுதிகளில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தார். நல்ல பொறுப்பாளரின் கீழ் ஒற்றுமையாக வேலை செய்யும் விடுதிகளில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தவருக்குக் கணக்கு நேர்மாறாக வந்தது. அங்கே ஒளிக்காமல் சொன்னார்கள், அதனால் எண்ணிக்கை கூடித் தெரிந்தது. 1999இல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் உளப் பாதுகாப்பு, அதாவது ஏச்சு விழும் என்ற பயமில்லாமல் பிழையையும் சந்தேகத்தையும் சொல்லக்கூடிய நிலை, என்ற பேச்சு இவ்வளவு பரவியது. மாதக் கூட்டத்தில் ஒரு விடுதி "சம்பவ அறிக்கை ஒன்றுமில்லை" என்றால் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை, கவலைதான் வரும்.

இன்னொன்று. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட சத்திரசிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில், வெட்டத் தொடங்கும் முன் எல்லோரும் பெயரும் வேலையும் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. பல இடங்களில் தாளில் சரி போடுவதோடு முடிந்துவிடும். நான் இருந்த ஒரு கூடத்தில் நிபுணர், அற்றன்டன் அண்ணாவும் பெயர் சொல்லும்வரை கத்தியைக் கையில் வாங்கமாட்டார். ஒரு நாள் அந்த அண்ணாதான், "சேர், மாட்டியிருக்கிற எக்ஸ்ரே வேறை ஆளுடையது" என்றார். தன் பெயரைக் கேட்காத இடத்தில் அவர் அதைச் சொல்லியிருப்பாரா?

குடும்பநல உத்தியோகத்தர்:

என் பிரிவு காட்டோரம். யானை இறங்கும் பாதை, பின்னேரத்துக்குப் பிறகு பஸ் இல்லை, பாதி இடத்தில் சிக்னலும் இல்லை. என் பராமரிப்பில் இருந்த ஒரு தாய் இறந்துபோனார். இலங்கையில் 1985இலிருந்து தாய் மரணத்தைக் கட்டாயம் அறிவிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் மீளாய்வு நடக்கும். அந்தக் கூட்டத்துக்குப் போகும்வரை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஊரில் ஏற்கெனவே "மிஸ் வந்து பார்க்கவில்லையாம்" என்று கதை. நான் போய்ப் பார்த்த திகதி எல்லாம் கொப்பியில் இருந்தது.

கூட்டத்தில் பெயர் சொல்லுவதில்லை, குற்றம் சாட்டுவதில்லை என்று முதலிலேயே சொன்னார்கள். வீட்டில் தாமதமா, பாதையில் தாமதமா, வைத்தியசாலையில் தாமதமா என்றுதான் கேட்டார்கள். அப்படிக் கேட்டதால்தான், நான் அன்று அழைத்த இலக்கம் எடுபடவில்லை என்பதை என்னால் சொல்ல முடிந்தது. பிரசவ விடுதியின் நேரடி இலக்கம் பிறகு எல்லாக் கிளினிக்குகளுக்கும் வந்தது.

ஆனால் மண்டபத்துக்கு வெளியே ஒருவர் வந்து, "எங்களைக் காட்டிக் கொடுத்திட்டியள்" என்றார். உள்ளே இருந்த பாதுகாப்பு வாசலோடு முடிந்துவிடுகிறது. அந்தத் தாயை எனக்கு முதல் பிள்ளையிலிருந்தே தெரியும். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டது ஒரேயொரு ஆள், பக்கத்துப் பிரிவு மிஸ்.

சுகாதார உதவியாளர்:

நான் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் சொல்லப்போவதில்லை. 2009இல், கடைசி யுத்த நேரம், புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று வைத்தியசாலை நகர நகர, தூக்குப்படுக்கை தூக்கியவன். இன்றும் வாட்டில் இரும்புத் தட்டு விழுந்தால் என் கை கால் நின்றுவிடும். முன்பு ஒரு பொறுப்பாளர் அதைச் சோம்பல் என்று எழுதினார்.

இப்போதுள்ள சிஸ்டர் ஒரு நாள் கவனித்தார். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ரோஸ்டரில் என்னை அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து மாற்றியிருந்தார், கோப்பில் எதுவும் எழுதவில்லை. மே மாதத்துக்கு யாருக்கு லீவு வேண்டும் என்று முன்கூட்டியே கேட்பார், காரணம் கேட்கமாட்டார். எங்கள் வாட்டில் 18ஆம் திகதி வீட்டில் நிற்க வேண்டியவர்கள் பலர்.

ஆய்வுகூட ஊழியர்:

எல்லாம் சரி. நான் மாதிரிப் போத்தலில் பெயர் மாறியிருப்பதைச் சொன்னேன். யாரும் ஏசவில்லை, சிரித்துக்கொண்டே நன்றி சொன்னார்கள். அடுத்த மாதம் எனக்கு இரவுக் கடமை கூடியது, ஞாயிறு லீவு போனது. கேட்டால் "ஆள் பற்றாக்குறை" என்கிறார்கள். இதற்கு என்ன செய்ய?

தாதிய உத்தியோகத்தர், மருத்துவ விடுதி:

தம்பி, முதல் வார்த்தைதான் எல்லாம் என்று நான் மேலே எழுதினேன். அது போதாது, சொன்ன ஆளின் ரோஸ்டரையும் பார்க்க வேண்டும் என்று உங்கள் கதை காட்டுகிறது. தனியாகப் போய்க் கேட்காதீர்கள். முந்திய மாதங்களின் ரோஸ்டரையும் இதையும் பக்கத்தில் வைத்து, சங்கத்தில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் வைத்தியசாலையில் தர முகாமைத்துவப் பிரிவு இருந்தால் பெயர் மாறிய விஷயத்தை அங்கேயும் எழுத்தில் கொடுங்கள். அப்போது அது உங்களுக்கும் பொறுப்பாளருக்கும் இடையிலான சண்டையாகச் சுருங்காது. மனம் தாங்காத நேரம் 1926க்கு எடுக்கலாம், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். இது குடும்பநல மிஸ்ஸுக்கும் சேர்த்துத்தான்.

சுகாதார உதவியாளர் அண்ணா, அந்த மே மாத லீவு முறையை எங்கள் சிஸ்டரிடம் கேட்கப்போகிறேன். கடிதம் கொடுக்க வேண்டுமா, வாயால் சொன்னால் போதுமா?

சுகாதார உதவியாளர்:

கடிதம் கேட்டால் யாரும் கொடுக்கமாட்டார்கள், தங்கச்சி. தேநீர் அறையில் ஒரு கொப்பி தொங்கும். திகதி, பெயர், அவ்வளவுதான். காரணம் எழுத நிரலே இல்லை. மே ரோஸ்டர் போட முதல் கேளுங்கோ, போட்ட பிறகு மாற்றுவது கரைச்சல்.