முகப்பை மட்டும் விட்டுவிட்டு மீதியை இடிக்கலாம் என்கிறார் பில்டர்: ஒத்துக்கொள்ளலாமா?

பழைய_சாவி:
தாத்தா கட்டிய வீடு, 90 வயது தாண்டிவிட்டது. நானும் தங்கையும்தான் பங்குதாரர்கள். 24 ஃப்ளாட் கட்டலாம் என்று ஒரு பில்டர் வரைபடத்தோடு வந்திருக்கிறார். தெருப்பக்கத் தூண்களையும் முகப்பையும் அப்படியே விட்டுவிடுவாராம். பின்னால் எல்லாம் புதிது. கொல்லையில் ஒரு பள்ளம் உண்டு. மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், ராத்திரி முழுக்கத் தவளை கத்தும். அதில் மண் கொட்டி மேடாக்கி கார் நிறுத்தப்போகிறார். தங்கை கையெழுத்துப் போடத் தயார். நான் வாடகை வீட்டில் இருப்பவன். வீடு கிடைக்காத கஷ்டம் தெரிந்ததால் 'இடிக்கவே கூடாது' என்று சொல்லவும் வாய் வரவில்லை. முகப்பு நின்றால் வீட்டைக் காப்பாற்றியதாக ஆகுமா?

நேர்கோடு:
சென்டிமென்ட் பார்த்தால் ஒன்றும் நடக்காது. ஒரு குடும்பம் இருந்த இடத்தில் 24 குடும்பம் இருக்கலாம். ஊருக்கு வெளியே வயலை அழித்துக் கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். இடியுங்கள்.

காரைக்கை:
வயலை அழிப்பதைவிட இது மேல் என்று நேர்கோடு சொல்வது சரிதான். ஆனால் அதிகம் பேர் குடியிருக்க வேண்டுமென்றால் இடித்தே ஆகவேண்டும் என்பது பில்டர் கணக்கு. நான் பழைய கட்டடம் பழுது பார்க்கிறவன், அதனால் என் பேச்சு ஒருபக்கம் சாயும், தெரிந்தே படியுங்கள்.

முதலில் சுவரை ஆணியால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாகப் பொடிந்து உதிர்ந்தால் சுண்ணாம்புக் காரை. அதன்மேல் பிற்பாடு யாராவது சிமென்ட் பூசியிருந்தால், தட்டும்போது பொள்ளலாகச் சத்தம் கேட்கும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியே விடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். உள்ளே மாட்டிய ஈரம் உப்பைத் தள்ளிக்கொண்டு வந்து செங்கல்லையே அரிக்கும். 'இந்தக் கட்டடம் தேறாது' என்று எழுதிக் கொடுக்கப்பட்ட எத்தனையோ வீடுகளில் நான் பார்த்த நோய் இந்தப் பூச்சுதான். மேல்பூச்சை எடுத்து மறுபடி சுண்ணாம்பு பூசினால் சுவர் மெல்ல உலரும். அவசரம் மட்டும் ஆகாது.

அப்புறம் முகப்பு. அது தானாக நிற்கவில்லை. பின்னால் உள்ள குறுக்குச் சுவர்களும் உத்தரங்களும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டால் இரும்புச் சாரம் கட்டித்தான் நிறுத்த வேண்டும். பக்கத்திலேயே பேஸ்மென்ட் தோண்டினால் அஸ்திவாரம் இறங்கலாம். ஒருநாள் காலையில் 'விழுந்துடுச்சு சார்' என்று போன் வரும். அந்த போன் எனக்கு வந்திருக்கிறது.

உங்கள் ஊர் விதியில் டிடிஆர், அதாவது கட்டாமல் விட்ட பரப்பை வேறு மனைக்கு விற்று மாற்றும் உரிமை, உண்டா என்று கேளுங்கள். நியூயார்க்கில் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் மேல் கோபுரம் கட்ட அனுமதி மறுத்தார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1978இல் நகரம் வென்றது. அங்கே கட்ட முடியாத பரப்பை அக்கம்பக்கத்து மனைகளுக்கு மாற்ற வழி இருந்ததையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. 'காப்பாற்று' என்று சொந்தக்காரரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை.

ஈரமண்:
எல்லோரும் தூணைப் பற்றியே பேசுகிறீர்கள், பள்ளத்தை விட்டுவிட்டீர்கள். 400 சதுர மீட்டர் பள்ளத்தில் சராசரி 30 செ.மீ. தண்ணீர் நின்றாலே 1,20,000 லிட்டர். மண் கொட்டினால் அது ஆவியாகிவிடாது, அடுத்த வீட்டு வாசலுக்குப் போகும். கார் நிறுத்தும் தரையைச் சிமென்ட் போட்டு மூடினால் விழுகிற மழையும் கூடவே ஓடும்.

வேறு இடத்தில் மரம் நட்டு ஈடு செய்கிறோம் என்பார் பில்டர். இங்கிலாந்தில் 2024 பிப்ரவரி முதல் பெரிய கட்டுமானத் திட்டங்கள், சில விலக்குகள் தவிர, முன்பு இருந்த உயிர்ச்சூழல் மதிப்பைவிட (செடிகொடியும் உயிரினங்களும் வாழ அந்த இடம் எவ்வளவு ஏற்றது என்ற அளவு) 10% கூடுதலாகக் காட்ட வேண்டும். அதை 30 ஆண்டு பராமரிக்கவும் வேண்டும். அந்த 30 ஆண்டுக்கு யார் பொறுப்பு என்று பில்டரிடம் கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும்.

நேர்கோடு:
சரி, பள்ளத்தை விட்டுவிடலாம். பழுதுக்குப் பணம் யார் தருவது?

காரைக்கை:
நியாயமான கேள்வி. பக்கவாட்டில் காலியிடம் இருந்தால், அங்கே கட்டும் ஃப்ளாட்டை விற்ற பணத்திலிருந்துதான் வர வேண்டும். 24 வராது. எத்தனை வரும் என்று வரைந்து பார்த்தால்தான் தெரியும்.

பழைய_சாவி:
நேற்று ஆணியும் கையுமாக உட்கார்ந்தேன். மேலே ஒரு விரற்கடை சிமென்ட், உள்ளே வெள்ளைப் பொடி. கூடத்துச் சுவர் முழுக்கப் பொள்ளல் சத்தம். அப்பா காலத்தில் 'உறுதியா இருக்கட்டும்' என்று பூசியது. தங்கை கயிறு பிடித்துப் பள்ளத்தை அளந்தாள்: 22 மீட்டருக்கு 15. தண்ணீர்க் கணக்கையும் அவளே போட்டுவிட்டு, கையெழுத்துப் பேச்சை எடுக்கவில்லை. பழைய வீட்டையும் பள்ளத்தையும் தொடாமல் பக்கவாட்டில் மட்டும் வரைந்து தரச் சொன்னோம். பில்டர் இரண்டு வாரம் கேட்டிருக்கிறார். 16 ஃப்ளாட் தேறலாம் என்றார், அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு.