பழைய லென்ஸ்களுக்குப் பில்டர் தேடுவதும் பொருத்துவதும்

இரணைமடுவான்:

அனைவருக்கும் வணக்கம். நான் கிளிநொச்சியில் வசிக்கிறேன். என் தாய்மாமா முன்னர் நடத்திய ஸ்ரூடியோவின் கருவிகளுள், யாழ்ப்பாணத்து உறவினர் வீட்டில் வைக்கப்பட்டிருந்ததால் தப்பியவை அண்மையில் என்னிடம் வந்து சேர்ந்தன. செனிற்-ஈ கமரா ஒன்றும், அதற்குரிய ஹீலியோஸ் 44-2, இன்டஸ்டார் 50-2 ஆகிய லென்ஸ்களும், அதே எம்42 திருகுவாய் கொண்ட சுப்பர் டக்குமார் 50 மி.மீ. எப் 1.4 லென்ஸும், யாஷிகா-மற் 124ஜி இரட்டைக்கண் கமராவும் அவற்றுள் அடங்கும். கூடவே ஒரு தகரப் பெட்டியில் மஞ்சள், செம்மஞ்சள், பச்சை நிற வட்டக் கண்ணாடிகள் சில உள்ளன. அவற்றின் விளிம்பில் திருகுப்புரி எதுவும் இல்லை. சீரிஸ் 6 என்று உரோம எண்ணில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

கறுப்பு வெள்ளைப் பிலிமில் வயல்வெளிகளையும் குளக்கட்டுகளையும் எடுத்து வருகிறேன். கண்ணுக்கு ஆழ்ந்த நீலமாகத் தெரியும் வானம் படத்தில் வெறும் வெள்ளையாக விழுகிறது; முகில்கள் இருந்த இடமே தெரிவதில்லை. இங்குள்ள கடைகளில் இன்றைய பெரிய லென்ஸ்களுக்கான பில்டர்களே கிடைக்கின்றன. இந்த லென்ஸ்களுக்கு எந்த அளவில் பில்டர் வாங்க வேண்டும், பெட்டியிலுள்ள வட்டக் கண்ணாடிகளை எவ்வாறு பொருத்தலாம், முதலில் எந்த நிறத்தோடு தொடங்கலாம் என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

வவுனியா வெளிச்சம்:

தம்பி, முதலில் ஒரு குழப்பத்தைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். ஹீலியோஸின் முன்வளையத்தில் காணப்படும் 58 என்பது குவியத்தூரமே தவிர பில்டரின் அளவு அன்று. அந்த எண்ணைப் பார்த்து 58 மி.மீ. பில்டரைத் தருவிப்பவர்கள் பலர். ஹீலியோஸ் 44-2, சுப்பர் டக்குமார் 50 ஆகிய இரண்டுமே 49 மி.மீ. பில்டரை ஏற்பவை, அவற்றின் புரியிடைத்தூரம் (அடுத்தடுத்த இரு திருகுப்புரிகளுக்கு இடையிலான தூரம்) 0.75 மி.மீ. இன்டஸ்டார் 50-2 மட்டும் 35.5 மி.மீ. விட்டமும் 0.5 மி.மீ. புரியிடைத்தூரமும் கொண்டது.

எந்தப் பழைய லென்ஸானாலும் வாங்குவதற்கு முன் வேணியர் இடுக்கிமானியால் அளந்துவிடுவது நல்லது. லென்ஸின் வாய்க்குள் இருப்பது உட்புரி என்பதால், அதன் உள்விளிம்பை அளக்கும்போது பெயரளவைவிடச் சற்றுக் குறைவான பெறுமானமே கிடைக்கும். 0.75 புரியில் ஏறத்தாழ 0.8 மி.மீ. குறையும், 0.5 புரியில் ஏறத்தாழ அரை மி.மீ. குறையும். ஆகவே 48.2 என்று அளவு வந்தால் அது 49 ஆகும். 35 என்று வந்தால் அது 35.5 ஆகும். புரியிடைத்தூரத்தை அறிய, 3 மி.மீ. நீளத்துக்குள் எத்தனை புரிகள் உள்ளன என்று உருப்பெருக்கிக் கண்ணாடியால் எண்ணிப் பாருங்கள். நான்கு என்றால் 0.75, ஆறு என்றால் 0.5. சோவியத் காலப் பில்டர்களின் விளிம்பில் 49×0.75 என விட்டமும் புரியிடைத்தூரமும் சேர்த்தே பொறிக்கப்பட்டிருக்கும் என்பதால் அவற்றில் இந்தச் சிரமம் இல்லை. ஒரு வளையம் ஒரு சுற்றுச் சுற்றியதும் இறுகுமானால் அதற்குமேல் அதை வலிந்து திருகவே கூடாது. மென்மையான அலுமினியப் புரி ஒருமுறை அழிந்தால் லென்ஸின் வாயே கெட்டுவிடும்.

ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியே பில்டர் தேடுவதை விட்டு, எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவதே அறிவுடைமை என்பது என் உறுதியான கருத்து. உங்களுக்கு நான் 52 மி.மீ. அளவைப் பரிந்துரைப்பேன். நிக்கோன் நிறுவனத்தின் பழைய லென்ஸ்களிற் பெரும்பாலானவை 52 என்ற ஒரே அளவைக் கொண்டிருந்ததால் அந்த அளவில் பழைய பில்டர்கள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. புதியவையும் விற்பனையில் உள்ளன. லென்ஸின் பக்கம் 49, பில்டரின் பக்கம் 52 எனக் குறிக்கப்பட்ட ஸ்ரெப்-அப் வளையம் ஒன்று போதும். இதற்கு மாறாகச் சிறிய பில்டரைப் பெரிய லென்ஸில் மாட்டும் ஸ்ரெப்-டவுன் வளையத்தைப் பயன்படுத்தினால் படத்தின் நான்கு மூலைகளும் இருளக்கூடும். இன்டஸ்டாரை மட்டும் இந்தத் திட்டத்திலிருந்து விலக்கிவிடுங்கள். துவார அளவைக் குறிக்கும் அதன் எப்-எண்கள் முன்விளிம்பை ஒட்டியே இருப்பதால் அகன்ற வளையம் ஒன்றை மாட்டினால் அவை மறைந்துவிடும். அதற்கு 35.5 அளவிலேயே ஒரு சோவியத் மஞ்சள் பில்டர் வாங்கிக்கொள்வது நல்லது.

உங்கள் வட்டக் கண்ணாடிகள் பயனற்றவை அல்ல. சீரிஸ் முறை அங்குல அளவை அடிப்படையாகக் கொண்டது. அதில் 6 ஆம் இலக்கம் 41.3 மி.மீ. விட்டமும், 7 ஆம் இலக்கம் 50.8 மி.மீ. விட்டமும் உடையவை. லென்ஸில் மாட்டும் ஓர் அடிவளையம், அதனுள் அமரும் கண்ணாடி, அதை மேலிருந்து பிடிக்கும் பூட்டுவளையம் என மூன்று பகுதிகளாகவே அவை வேலை செய்யும். 49 மி.மீ. புரியுடைய சீரிஸ் 6 அடிவளையம் கிடைத்தால் பெட்டியிலுள்ள எல்லா நிறங்களையும் ஹீலியோஸிலும் டக்குமாரிலும் பயன்படுத்தலாம். மூலைகள் இருளுகின்றனவா என்பதை அறிய, தூரத்தை முடிவிலியிலும் துவாரத்தை எப் 16இலும் வைத்து வெளிர்ந்த வானத்தை ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

யாஷிகாவின் வாய் திருகுவாய் அன்று. அது பே 1 எனப்படும், திருப்பிக் கொளுவும் அமைப்பு. ரோலெய்கோர்ட் கமராக்களுக்கான பில்டர்களும் அதில் பொருந்தும். பே 1 இலிருந்து 52க்கு மாற்றும் வளையங்களும் உள்ளன. ஆனால் அவை அகன்றவை என்பதால் மேலே உள்ள பார்வைக் கண்ணின் அடிப்பகுதியைச் சற்று மறைக்கும்.

முல்லைக்கரை:

அளவுகளைப் பற்றி ஐயா விரிவாக எழுதிவிட்டார். நான் நிறங்களைப் பற்றியும் எங்கள் பகுதியின் வெளிச்சத்தைப் பற்றியும் எழுதுகிறேன்.

பழைய பில்டர்களின் விளிம்புச் சட்டங்களில் கே2, ஜி, எக்ஸ்1, ஏ என்று எழுத்துகள் இருந்தால் அவை முறையே இன்றைய 8, 15, 11, 25 ஆகிய ரற்றன் எண்களாகும். ரற்றன் என்பது இங்கிலாந்தின் குரோய்டனில் இயங்கிய நிறுவனத்தின் பெயர். 1912இல் கொடாக் அதை வாங்கிய பின்னரும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. 8 என்பது மஞ்சள், 15 ஆழ்ந்த மஞ்சள், 11 மஞ்சள் கலந்த பச்சை, 25 சிவப்பு.

ஒரு பில்டர் தன் நிறத்தை ஒத்த பொருள்களை வெளிறச் செய்து, எதிர்நிறமுள்ளவற்றை இருளச் செய்யும். சிவப்பு வானத்தை மிக வலுவாக இருளச் செய்யும் என்று கேள்விப்பட்டுப் பலர் அதையே முதலில் வாங்குகிறார்கள். ஆனால் நெல் வயலை எடுப்பவருக்கு அது ஏற்றதன்று என்றே கூறுவேன். பச்சை ஒளியை அது மறித்துவிடுவதால், வானம் எவ்வளவு அழகாக வந்தாலும் கீழே பயிர் கரிய திட்டாகக் கிடக்கும். பயிர் பச்சையாக நிற்கும் மாதங்களில் 11 ஆம் இலக்கப் பச்சையே என் முதல் தெரிவு. அது இலைகளை ஒளிரச் செய்வதோடு வானத்தையும் ஓரளவு அடக்கும். வயலில் நிற்கும் மனிதர்களின் முகத்துக்கும் அதுவே உகந்தது, ஏனெனில் செம்மஞ்சளும் சிவப்பும் எங்கள் தோலின் நிறத்தை இயல்புக்கு மாறாக வெளிறச் செய்துவிடும். அறுவடை முடிந்து தாள் மட்டும் காய்ந்து நிற்கும்போதும், கோடையில் நீர் வற்றிய குளத்தின் படுகையை எடுக்கும்போதும் செம்மஞ்சள் மிக நன்றாக அமையும்.

ஒரு விடயத்தை முன்கூட்டியே அறிந்திருங்கள். பில்டர் நீல வானத்தை மட்டுமே இருளச் செய்யும். சோளகம் வீசும் மாதங்களில் புழுதி எழுந்து அடிவானம் வெண்மையாகிவிட்டால் எந்தப் பில்டராலும் அங்கே நீலத்தை உண்டாக்க முடியாது. மாரி மழை ஓய்ந்து காற்றுக் கழுவப்பட்ட காலைகளில் மஞ்சள் 8 ஒன்றே போதுமான அளவு முகில்களைப் பிரித்துக் காட்டும்.

முனைவாக்கப் பில்டரும் (பொலரைசர்; திருப்பும் நிலைக்கேற்ப வானத்தை இருளச் செய்வது) வாங்க எண்ணினால் சூரியனின் நிலையைக் கவனியுங்கள். சூரியனிலிருந்து 90 பாகை விலகிய வானப் பகுதியிலேயே அதன் விளைவு மிகுதியாக இருக்கும். இலங்கையில் ஏப்ரல் முற்பகுதியிலும் ஆகஸ்ட் இறுதியை அண்டிய நாள்களிலும் நண்பகலில் சூரியன் தலைக்கு நேர்மேலே நிற்பதால் அந்த இருண்ட பட்டை அடிவானத்தைச் சுற்றியே விழும். காலையிலும் மாலையிலும் அது வடக்குத் தெற்காக உச்சி வழியே செல்லும். யாஷிகாவில் பார்வைக் கண் வேறு, படம் எடுக்கும் கண் வேறு என்பதால், பில்டரை முதலில் மேற்கண்ணில் மாட்டித் திருப்பிப் பார்த்து, விளிம்பிலுள்ள குறி எத்திசையில் நிற்கிறதோ அதே திசையில் கீழ்க்கண்ணுக்கு மாற்ற வேண்டும்.

ஒளியளவையும் மறந்துவிட வேண்டாம். செனிற்-ஈ, யாஷிகா 124ஜி ஆகிய இரண்டின் ஒளிமானிகளும் லென்ஸின் ஊடாக அளப்பவை அல்ல; ஆகவே பில்டர் மாட்டியிருப்பது அவற்றுக்குத் தெரியாது. மஞ்சள் 8க்கு ஒளியை இரு மடங்கும், பச்சை 11க்கும் பெரும்பாலான செம்மஞ்சளுக்கும் நான்கு மடங்கும், சிவப்பு 25க்கு எட்டு மடங்கும் கூட்ட வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் மனக்கணக்குப் போடுவதைவிட, 125 ஏஎஸ்ஏ (ஒளியுணர் வேக எண்) பிலிமுக்கு மானியின் எண்ணை மஞ்சளுக்கு 64 என்றும், பச்சைக்கு 32 என்றும், செனிற்றில் சிவப்புக்கு 16 என்றும் மாற்றி வைத்துவிடுவது எளிது. பில்டரைக் கழற்றியவுடன் எண்ணையும் திரும்ப மாற்றுங்கள்.

இரணைமடுவான்:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. இடுக்கிமானியால் அளந்தபோது ஹீலியோஸ் 48.2 என்றும் இன்டஸ்டார் 35 என்றும் காட்டின. மேலும் மூன்று விடயங்களைக் கேட்க விரும்புகிறேன். டக்குமாரில் ஒரு பழைய யூவி (புறஊதாக் கதிரைத் தடுக்கும்) பில்டர் இறுகிக் கழராமல் இருக்கிறது. அந்த லென்ஸின் கண்ணாடியே மஞ்சளாகவும் தெரிகிறது. அத்துடன் சீரிஸ் 6 அடிவளையம் எங்கும் கிடைக்கவில்லை. அதை இங்கேயே செய்விக்க முடியுமா?

மாங்குளம் பட்டறை:

செய்விக்கலாம் தம்பி. முழு வளையத்தையும் புரியோடு கடைந்து தருமாறு கேட்காதீர்கள். உழவு இயந்திரத்துக்கும் நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் பாகங்கள் கடையும் பட்டறைகளில், 0.75 மி.மீ. நுண்புரியை மெல்லிய அலுமினியத்தில் வெட்டுவது சிரமமான வேலை, செலவும் கூடும். அதற்குப் பதிலாக மலிவான 49 மி.மீ. யூவி பில்டர் ஒன்றை வாங்கி, உள்ளே கண்ணாடியைப் பிடித்திருக்கும் பூட்டுவளையத்தை அதன் இரு வெட்டுகளிலும் கூர்முனைக் கவராயத்தை வைத்துத் திருப்பிக் கழற்றிக் கண்ணாடியை நீக்கிவிடுங்கள். இப்போது தேவையான புரி உங்கள் கையில் இருக்கிறது. அந்தச் சட்டத்துக்குள் இறுக்கமாக அமரும் புரியற்ற அலுமினியப் புஷ் (உள்வளையம்) ஒன்றைக் கடைவித்து, அதன் உட்பள்ளத்தை 41.4 மி.மீ. விட்டத்தில் எடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடிக்குச் சிறிதளவு இடைவெளி இருக்க வேண்டும். இறுக்கமாகப் பொருத்தினால் சூடு தணியும்போது உலோகம் கண்ணாடியைவிடக் கூடுதலாகச் சுருங்குவதால் கண்ணாடி நெருக்குண்ணும். அளவை வாயால் சொல்லாமல் கண்ணாடியையே பட்டறைக்குக் கொண்டுசெல்லுங்கள். மேலே ஒரு கம்பிவளையம் பிடித்துக்கொள்ளும். உட்புறத்தை மங்கலான கறுப்பு வர்ணத்தால் பூசிவிட்டால் தெறிப்பொளி குறையும்.

கண்ணாடிகளைக் கழுவுவதற்கு முன் விளிம்பைக் கவனியுங்கள். பழைய பில்டர்களிற் சில, இரு கண்ணாடிகளுக்கிடையே நிறப்படலத்தை ஒட்டிச் செய்யப்பட்டவை. விளிம்பில் குமிழிகளோ பிரிவுகளோ தெரிந்தால் தண்ணீரில் போடாமல் ஈரத்துணியால் மட்டும் துடைக்க வேண்டும்.

இறுகிய பில்டரை விரல்களால் இரு பக்கமும் அழுத்திப் பிடித்துத் திருகினால் வளையம் நீள்வட்டமாகி மேலும் இறுகும். தட்டையான இறப்பர்ச் செருப்பு ஒன்றின் அடிப்பாகத்தைத் துப்புரவாகக் கழுவி மேசையில் வைத்து, லென்ஸைக் குப்புற அதன்மேல் வைத்து, விளிம்பு முழுவதும் சமமாகப் பதியும்படி மெதுவாக அழுத்தியவாறு, மேலிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாக லென்ஸைத் திருப்புங்கள். குப்புற இருப்பதால் திசையில் ஐயம் ஏற்படும். பில்டரை முன்னிருந்து பார்க்கும்போது அது இடஞ்சுழியாகக் கழர வேண்டும் என்பதை நினைவிற் கொண்டால் போதும்.

வவுனியா வெளிச்சம்:

டக்குமாரின் மஞ்சளைப் பற்றி அஞ்ச வேண்டாம். ஏழு கண்ணாடிகள் கொண்ட பிந்திய சுப்பர் டக்குமார் 50 எப் 1.4இல் தோரியம் கலந்த கண்ணாடி பயன்படுத்தப்பட்டது. அதன் கதிர்வீச்சால் காலப்போக்கில் கண்ணாடி மஞ்சளாகிறது. கறுப்பு வெள்ளைப் பிலிமில் அது மென்மையான மஞ்சள் பில்டர் ஒன்று எப்போதும் மாட்டியிருப்பதற்குச் சமம் என்பதால், அதன்மேல் மஞ்சள் 8ஐ மாட்டுவதில் பெரிய பயன் இராது. செம்மஞ்சளோ பச்சையோ மாட்டுங்கள். கண்ணாடி சிறிதளவு ஒளியையும் உறிஞ்சுவதால், ஒளிமானி காட்டுவதைவிட அரைப்படி (ஏறத்தாழ 1.4 மடங்கு) கூட்டி எடுப்பது பாதுகாப்பானது. வர்ணப் படங்களுக்கு அந்த மஞ்சள் தொல்லையாக இருந்தால், லென்ஸைக் கமராவிலிருந்து கழற்றிச் சில நாள்கள் வெய்யிலில் வைத்தால் புறஊதாக் கதிரால் அது பெருமளவு நீங்கும். வெய்யில் லென்ஸின் ஊடாகக் குவிந்து தீப்பற்றக்கூடும் என்பதால் பின்பக்கத்தை மூடியே வைக்க வேண்டும், காகிதமோ துணியோ அருகில் இருக்கக் கூடாது. இளஞ்சூடான காலை வெய்யிலே போதும். நண்பகல் வெய்யிலில் வைத்தால் துவாரத் தகடுகளுக்கு எண்ணெய் கசியலாம்.

இந்த லென்ஸ்களை டிஜிற்றல் கமராவில் மாட்டும் எண்ணமும் இருந்தால், அதற்காக நிறப் பில்டர்களை வாங்க வேண்டியதில்லை. சிவப்புப் பில்டரை மாட்டினால் உணரியின் நான்கில் ஒரு பங்குப் புள்ளிகளே பெரும்பாலும் வேலை செய்யும். அதே விளைவை மூலக் கோப்பிலிருந்து (RAW) கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது பெற்றுவிடலாம். பின்னர் கணினியில் உண்டாக்க முடியாதவை முனைவாக்கப் பில்டரும், ஒளியைக் குறைக்கும் சாம்பல் நிற என்டி பில்டரும் மட்டுமே. அவற்றையும் 52 அளவிலேயே வாங்கினால் ஹீலியோஸுக்கு வாங்கும் அதே வளையம் டக்குமாருக்கும் பயன்படும்.