டெஸ்டட்-பை: சோதனையாளரா, வண்ணக்கரா?

அன்புடையீர்,
சனிக்கிழமை கல்லூரிப் பட்டறை. கையேடு நாளை அச்சுக்குப் போக வேண்டும், ஒரு சொல்லில் நிற்கிறேன். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலில் ஒரு மாற்றம் சேரும்போது, அதைத் தன் கணினியில் ஓட்டிச் சரிபார்த்தவர் பெயர் 'டெஸ்டட்-பை' வரியில் ஏறும். ஓபன்பிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்தில், நிறுவியவர்களிடம் டிமெசேஜ் வெளியீட்டை, அதாவது கணினி தொடங்கும்போது கண்டறிந்த வன்பொருள் பற்றிய செய்திகளை, அனுப்பக் கேட்கிறார்கள். எந்த வன்பொருள் ஓடுகிறது என்று அப்படித்தான் தெரிகிறது. சம்பளமில்லாமல் இதைச் செய்பவருக்குச் 'சோதனையாளர்' என்று எழுதினேன். "ரெய்டுக்கு வருவாங்களே, அவங்களா சார்?" என்று கேட்டார் ஒரு மாணவர்.

> சோதனையாளர்

வேண்டாம் ஐயா, சோதனை வடசொல். சங்க காலத்தில் காசின் தரம் பார்த்தவர் வண்ணக்கர். வடம வண்ணக்கன் தாமோதரனார் என்று புலவரே உண்டு. உரைகல்லில் இழைத்த பொன்னின் வண்ணம் பார்த்தவர் என்பது என் துணிபு. பொன்னின் தரத்துக்கு 'மாற்று' என்று பெயர். நீங்களோ கெர்னல் 'மாற்றம்' என்கிறீர்கள். மாற்றத்துக்கு மாற்றுப் பார்ப்பவர்! 'தத்தம் கருமமே கட்டளைக் கல்' என்ற குறளையும் சேர்த்துப் பாருங்கள், கட்டளைக் கல் என்பதும் உரைகல்தான்.

> வண்ணக்கர்

வண்ணம் வர்ணத்திலிருந்து வந்தது என்பாரும் உண்டே. அது கிடக்கட்டும், மாணவர்கள் பெயின்டர் என்றுதான் நினைப்பார்கள். புதுத் தேரைத் திருவிழாவுக்கு முன் இழுத்துப் பார்ப்பதை வெள்ளோட்டம் என்கிறோம். ஊரே அறிந்த சொல். 'வெள்ளோட்டம் பார்த்தவர்' போதாதா?

> வெள்ளோட்டம்

நல்ல சொல், ஆனால் அது ஒருமுறை நடப்பது. இவர்கள் ஒவ்வொரு பதிப்புக்கும் அதே பழைய கணினியை எடுத்துவைத்து ஓட்டுகிறார்கள். ஆளில்லாமல் போனால் என்ன ஆகும்? ஐட்டேனியம் என்ற இன்டெல் நுண்செயலிக்கான பகுதியை 2021இல் லினக்ஸ் பராமரிப்பாளர் பட்டியலில் 'ஆர்ஃபன்', அதாவது பராமரிக்க ஆளில்லாதது, என்று குறித்தார்கள். 2024 ஜனவரியில் வந்த கெர்னல் 6.7 பதிப்பில் அது இல்லை. அப்புறம், அந்த 'ஆர்ஃபன்' நிலைக்கும் சொல் வேண்டும். 'அநாதை' வேண்டாம், 'ஆதரவற்றது' என்று வையுங்கள். வன்பொருள் 'ஆதரவு' என்றுதானே எழுதுகிறோம், இரண்டும் பொருந்தி வருகிறது.

'ஆதரவற்றது' எடுத்துக்கொண்டேன், நன்றி. மற்றதற்கு 'ஓட்டிப் பார்த்தவர்' என்று போடுகிறேன். மூன்று பேர் சரி என்றிருக்கிறார்கள், அச்சகத்திலிருந்தும் இருமுறை கேட்டுவிட்டார்கள்.

> ஓட்டிப் பார்த்தவர்

இது விளக்கம் ஐயா, கலைச்சொல் அல்ல. அட்டவணைத் தலைப்பில் எப்படி அடங்கும்? வண்ணக்கரை அடிக்குறிப்பிலாவது சேருங்கள்.