புதுப்பிப்பு: எங்கள் அகராதி கிட்டுக்கு மாறிவிட்டது

இலங்கை மலையகத் தமிழ்ச் சொற்களையும் சேர்த்து நாங்கள் செய்துவரும் ஹன்ஸ்பெல் எழுத்துத்திருத்தி அகராதியை சப்வர்ஷனிலிருந்து கிட்டுக்கு (இரண்டும் கோப்புகளில் யார் எப்போது என்ன மாற்றினார் என்று பதிந்துவைக்கும் மென்பொருள்கள்) மாற்றலாமா, பழைய வரலாறு அழியாமல் வருமா என்று முன்பு கேட்டிருந்தேன். மாற்றிவிட்டோம். வரலாறு முழுதாக வந்திருக்கிறது.

‘கிட் எஸ்விஎன்’ கருவியைத்தான் பயன்படுத்தினோம் (எஸ்விஎன் என்பது சப்வர்ஷனின் சுருக்கம்). அதிக நேரம் பிடித்தது பெயர்ப் பட்டியல். சப்வர்ஷன் ஒவ்வொரு கமிட்டிலும், அதாவது பதிந்த ஒவ்வொரு மாற்றத்திலும், பயனர்பெயரை மட்டும்தான் பதிகிறது; கிட்டுக்குப் பெயரும் மின்னஞ்சலும் வேண்டும். அதனால் ஒரு கோப்பில் வரிக்கு ஒருவராக, இடப்பக்கம் பழைய பயனர்பெயர், நடுவில் சமக்குறி, வலப்பக்கம் முழுப்பெயரும் மின்னஞ்சலும் என்று எழுதினோம். சில பயனர்பெயர்கள் யாருடையவை என்று ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கம் ஃபோன் போட்டு விசாரிக்க வேண்டியிருந்தது. பெரட்டு, கொழுந்து, கங்காணி என்று தேயிலைத் தோட்டத்துச் சொற்களை முதலில் சேர்த்த டீச்சரின் பெயர் இப்போது அந்தந்த கமிட்டிலேயே இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

அப்புறம் டேக்குகள், அதாவது குறிப்பிட்ட பதிப்புகளுக்கு இட்ட பெயர்கள். சப்வர்ஷனில் டேக் என்பது ஒரு கோப்புறை நகல்தான். இந்தக் கருவி அவற்றை டேக்குகளாக அல்லாமல் ரிமோட் கிளைகளாக (வேறொரு களஞ்சியத்தின் தனித் தடங்களாக) கொண்டுவரும். உண்மையான டேக்குகளாக மாற்றிய பிறகே சேவையகத்துக்கு அனுப்பினோம். காலிக் கோப்புறைகளை கிட் வைத்துக்கொள்ளாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிட்டில் மழையில் சிக்னல் போனாலும் நம் கணினியிலேயே கமிட் செய்யலாம் என்று ஓர் அண்ணன் அப்போது சொன்னது அப்படியே உண்மை. நுவரெலியாப் பக்கத்துத் தம்பிமார் இப்போது இணைப்பு வரும்வரை காத்திருப்பதில்லை.

பழைய சப்வர்ஷன் களஞ்சியம் இனிப் படிக்க மட்டும். திருத்தம் கையில் வைத்திருப்பவர்கள் ‘எஸ்விஎன் டிஃப்’ (மாற்றிய வரிகளைக் காட்டும் கோப்பு) எடுத்து அனுப்புங்கள், உங்கள் பெயரிலேயே சேர்த்துவிடுகிறோம்.